சீனி போடாத தேநீர்

என் வீட்டில் சீனி டப்பா கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. கல்யாணப் பந்தியில், கோயில் திருவிழாவில், பள்ளிக்கூட வாசலில், யார் அகப்பட்டாலும் நிறுத்தி வைத்துச் சொல்வேன். "எங்க வீட்டுல ஒரு பொட்டு சீனி கெடையாது, தெரியுமா?" என்னைத் தூரத்தில் பார்த்ததுமே சிலர் பாதை மாறிப் போனார்கள். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போவது நான்தான்.

எங்கள் வீடு புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு தாமானில், வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பில் இருக்கிறது. தோட்டம் கைமாறி தொழிலாளர் லயங்களை இடித்தபோது வந்து குடியேறியவர்கள்தான் எங்கள் வரிசையில் பாதிப் பேர். என் கணவர் லோரி ஓட்டினார். வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளைத் தோட்டங்களில் ஏற்றி ஆலையில் கொட்டுவது அவர் வேலை. நான் ஒரு தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தேன், இன்னும் சமைக்கிறேன்.

அங்கே சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கும். ஒரு தட்டு, அதில் பாதிக்குக் காய்கறியும் பழமும், மீதியில் சோறும் மீனும். மிட்டாய் விற்கக் கூடாது, சாயம் கலந்த குளிர்பானம் கூடாது என்று பக்கத்தில் ஒரு பட்டியலும் உண்டு. அந்தப் பட்டியலை நான் வேதமாகப் பிடித்துக்கொண்டேன். கங்கோங் கீரையைத் தொடாத பிள்ளையை மேசையை விட்டு எழ விடமாட்டேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து சோர்ந்து நிற்கும் பிள்ளைகளுக்கு முட்டையை அவித்துக் கையில் திணிப்பேன். பையில் சாயத்தண்ணீர் பாக்கெட் வைத்து அனுப்பும் தாய்மாரை வாசலிலேயே மறித்து, "புள்ளைக்கு வெசத்தக் குடுத்து அனுப்புறியா?" என்று கேட்பேன். அவர்கள் முகம் சுருங்கிப் போகும். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்ததை மறைக்க மாட்டேன்.

"லோரி ஹார்ன் கெட்டுப் போனாலும் எனக்குக் கவல இல்ல. ஒன்ன முன்னால ஒக்கார வெச்சா போதும்" என்பார் என் கணவர்.

லைசென்ஸ் புதுப்பிக்க உடல் பரிசோதனைக்குப் போன இடத்தில்தான் அவருக்கு இனிப்பு நீர் நோய் இருப்பது தெரிந்தது. வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணன் இதே நோயில் ஒரு காலை இழந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூன்று வருடம் ரோட்டைப் பார்த்துவிட்டுச் செத்துப் போனவர். அந்த அண்ணனுக்குச் சவரம் செய்துவிடப் போவதென்றாலே இவர் நாளைத் தள்ளிப் போடுவார். அதனால் டாக்டர் சொன்ன மற்றதெல்லாம் இவர் காதில் ஏறவே இல்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்த வலது கால மட்டும் காப்பாத்திக் குடு. பிரேக்க மிதிக்க அது வேணும்" என்றார்.

"என்கிட்ட விடுங்க" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

அன்றைக்கே சீனி டப்பாவைப் பின்பக்கக் கால்வாயில் கவிழ்த்தேன். எறும்புக்குத்தான் யோகம். சோற்றை இரண்டு அகப்பைக்குக் குறைத்தேன். பொரித்த மீன் குழம்பு மீனாயிற்று. பாகற்காய் வாரம் மூன்று நாள். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டேன். தீபாவளிக்கு வந்தவர்களுக்குப் பலகாரத் தட்டை நீட்டிவிட்டு, அவர் கை அந்தப் பக்கம் போகிறதா என்று கழுகு மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன். அவரும் அடங்கிப் போனார். கால் மேல் அவ்வளவு பயம்.

தேநீர் மட்டும் அவரால் விட முடியாதது. ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ். காலையில் வீட்டில் ஒன்று, மற்றதெல்லாம் நான் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுப்பது. முன்பெல்லாம் கிளாஸுக்கு மூன்று கரண்டி டின் பால், மேலுக்கு இரண்டு கரண்டி சீனி. நான் சீனியை நிறுத்தினேன். முதல் இரண்டு நாள் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனையும் குறைத்துவிட்டோமே, உடம்பில் சத்தாவது சேரட்டும் என்று டின் பாலில் ஒரு கரண்டி கூட்டினேன். மூன்றாவது நாள் குடித்துவிட்டு, "இப்ப நல்லாருக்கு" என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

டின் பாலைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் மாடு வைத்திருந்தவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பால் காலையிலேயே கணக்குப் பார்க்கும் கிராணி வீட்டுக்கும் டவுனுக்கும் போய்விடும். எங்களுக்கு டின்தான். மூடியில் ஆணியால் இரண்டு ஓட்டை, ஒன்று காற்றுக்கு, ஒன்று பாலுக்கு. காய்ச்சலில் படுத்தால் அதில் தொட்டுத்தான் ரொட்டி. பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் கொண்டுபோவதும் ஒரு டின். காலியான பிறகு அதற்குக் கைப்பிடி வைத்துக் குவளையாக்கி அதிலேயே தேத்தண்ணி குடித்தோம். என் இரண்டு பிள்ளைகளும் சுடுதண்ணீரில் கலக்கிய டின் பாலைப் புட்டியில் குடித்து வளர்ந்தவர்கள். சீனி வேறு, டின் பால் வேறு. சீனி நோய் கொடுப்பது, டின் பால் தெம்பு கொடுப்பது. எனக்கு இதில் ஒரு நாளும் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. பள்ளிச் சுவரில் இருந்த அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு நான் தினமும் காய் நறுக்கினேன். அப்போதும் வந்ததில்லை.

கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஏறியே இருந்தது. மாத்திரை இரண்டு நாலாயிற்று. அப்புறம் ஊசி. "சீனி சாப்பிடறாரா?" என்று டாக்டர் கேட்டால் அவர் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொள்வேன். "எங்க வீட்டிலேயே சீனி கிடையாது, டாக்டர்." டாக்டர் அவரைப் பார்ப்பார். நானும் அவரைப் பார்ப்பேன். வீட்டில் நான் இவ்வளவு கட்டாக இருக்கும்போது எப்படி ஏறுகிறது? வெளியில் எங்கேயோ திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அதற்கப்புறம் நான் செய்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. லோரியின் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தேடினேன். சட்டைப் பையை முகர்ந்து பார்த்தேன். ஆலை வாசலில் கடை வைத்திருக்கும் பெண்ணுக்குப் போன் செய்து அவர் என்ன வாங்கிக் குடிக்கிறார் என்று விசாரித்தேன். "அவரு பச்சத்தண்ணிதான் கேப்பாரு, அக்கா. தேத்தண்ணிதான் நீங்க குடுத்து விடுறீங்களே" என்றாள். அவளும் கூட்டுக் களவாணி என்று நினைத்தேன்.

ஒரு நாள் லோரியில் ஒரு மிட்டாய்த் தாள் கிடைத்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட வேகத்தில் அதை அவர் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

"இது என்னாங்க?"

"குலை பொறுக்குற பங்களாதேஷ்காரன் ஏறுனான். அவன் தின்னது."

"நான் நம்பணுமா?"

"சாமி சத்தியமா நான் தின்னல லா."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் பிளாஸ்கில் தேநீர் ஊற்றி மூடி முறுக்கி வாசலில் வைக்கத் தவறவில்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, ஆட்டைப் பிடித்துக் கட்டி வைத்து அடித்த கதை.

உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி கிளினிக்கில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அவருக்கு அன்று லோரி ஓட்டம் இருந்தது. ஒரு நாள் லீவு போடுகிறேன் என்றார். நான்தான் தடுத்தேன். "பள்ளிக்கூடத்துல அத்தன புள்ளைங்களுக்குச் சமைக்கிறவ நானு. அந்தப் பொண்ணு வந்து எனக்கு என்னா சொல்லிக் குடுக்கப் போவுது?" அவர் வேலைக்குப் போனார். இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை முறை திரும்பத் திரும்ப நினைத்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

முள் குத்தியது ஒரு மழைக்காலத்தில். லோரி சேற்றில் மாட்டிக்கொண்டதும் இறங்கி, டயருக்கு அடியில் செம்பனை மட்டைகளை இழுத்துப் போட்டிருக்கிறார். வெறும் செருப்புதான். மட்டை முள் செருப்பைத் துளைத்து வலது பாதத்தில் ஏறியிருக்கிறது. அவருக்கு வலிக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்துக் குளியலறைக்கு வெளியே கால்மிதியில் ஒரு மஞ்சள் கறையைப் பார்த்து நான்தான் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். முள் உள்ளேயே இருந்தது. "ஏங்க, வலிக்கலையா?" என்றேன். "எங்க?" என்று கேட்டார். அப்படியே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

பிறகு நடந்தது விறுவிறுவென்று நடந்தது. முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பாதம் கறுத்தது. அடுத்து முட்டிக்குக் கீழே காலையே எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட வேண்டிய தாளை அவர் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, பேனாவை மூடுவதும் திறப்பதுமாக வெகுநேரம் இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. நான் கொடுத்த வாக்கை அவர் ஞாபகப்படுத்தவில்லை. மறந்திருக்க முடியாது.

அறுவை முடிந்து ஐந்தாம் நாள் வார்டுக்கு ஒரு மலாய்ப் பெண் வந்தாள். உணவு ஆலோசகர். எங்கள் மகளைவிடச் சின்னவள். கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதில் கரண்டிகளும் ஒரு கிளாஸும் ரப்பரில் செய்த சோறும் மீனும் இருந்தன. மலாயில்தான் பேசினோம், நான் தமிழில் எழுதுகிறேன். வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சோறு இரண்டு அகப்பை, குழம்பு மீன், பாகற்காய், கீரை என்று ஒப்பித்தேன். நான்கு வருடமாக வீட்டில் சீனியே இல்லை என்றேன். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். "ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க, மக்சிக்" என்று அத்தை முறை வைத்துச் சொன்னாள். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன், கேட்டீர்களா என்று.

"என்ன குடிக்கிறார்?"

"தே. சீனி இல்லாம."

"தே எப்படிப் போடுவீங்க?"

சொன்னேன். நாலு கரண்டி டின் பால். அவள் பேனா நின்றது. எந்தக் கரண்டி என்று பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னாள். எடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்று கேட்டாள். ஐந்து என்றேன். அவள் ஒரு சின்னப் போத்தலிலிருந்து சீனியை அளந்து அந்தக் கிளாஸில் போட ஆரம்பித்தாள். ஒரு கிளாஸ் தேநீருக்கு இவ்வளவு, இரண்டாவதுக்கு இவ்வளவு என்று போட்டுக்கொண்டே போனாள். சீனி மேலே ஏறிக்கொண்டே வந்தது. ஐந்தாவதைப் போட்டு முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தவள், கிளாஸைச் சட்டென்று பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

"டின்னில கிட்டத்தட்ட பாதி சீனிதான், மக்சிக். பால் கொஞ்சம்தான். மிச்சம் செம்பனை எண்ணெய்" என்றாள். குரலை மிகவும் தணித்துச் சொன்னாள். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

கட்டிலில் இருந்து அவர் சிரித்தார். "செம்பனை எண்ணெயா? அப்ப நான் ஏத்துன குலைதான் அது" என்றார். அந்தப் பெண்ணும் சிரிக்க முயன்றாள். நான் வெளியே போய் வராந்தாக் குழாயில் முகம் கழுவினேன், திரும்பவும் கழுவினேன். நான் செய்தது அது. என் கையால், தினமும், பாசத்தோடு.

அன்று மாலை பார்வை நேரத்துக்கு மகள் வந்தாள். புக்கிட் பெருந்துங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். "எப்படிப்பா இவ்ளோ தூரம் போச்சு?" என்று அழுதாள். நான் வாயைத் திறந்தேன்.

"முள்ளும்மா. மட்ட முள்ளு. வெசம் ஏறிடுச்சி" என்றார் அவர்.

பிறகு வந்த எல்லாரிடமும் அதையேதான் சொன்னார். லோரிக்காரர்களிடம், கோயில் தலைவரிடம், என் தங்கையிடம். நான் பேசப் போகிறேன் என்று தெரிந்தால் முந்திக்கொண்டு சொன்னார். தனியாக இருந்தபோது கேட்டேன், ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று.

"ஒனக்குத் தெரியுமா என்ன? தெரிஞ்சா செஞ்சே? விடு லா. ஒன் வாய்க்குப் பயந்து கெடந்தவங்க எல்லாம் இப்ப ஒன்னப் பாத்துச் சிரிக்கணுமா?"

"நீங்க என்னைத் திட்டுங்க" என்றேன்.

"திட்டுனா மொளைக்குமா?" என்றார்.

நான் விட்டுவிட்டேன். இதுதான் உண்மை. அவர் விரித்த குடைக்குள் போய் நின்றுகொண்டேன். முள் முள் என்று எல்லாரும் சொல்லச் சொல்ல, சில நாளில் எனக்கே முள்தான் என்று இருந்தது. முள் குத்தியது பொய்யில்லை. வலி தெரியாமல் போனதும் புண் ஆறாமல் போனதும் எதனால் என்பதைத்தான் நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பள்ளிக்குத் திரும்பினேன். காய் நறுக்கினேன். சாயத்தண்ணீர் பாக்கெட்டோடு வரும் பிள்ளைகளைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். "என்னாக்கா, இப்பல்லாம் ஏசவே மாட்டேங்கிறீங்க?" என்று ஒரு தாய் கேட்டாள். தொண்டை சரியில்லை என்றேன்.

வீட்டில் இப்போது வெறும் தேநீர். சீனி இல்லை, பால் இல்லை. அவர் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் குடிக்கிறார். அண்ணனைப் போல என்று நான் நினைப்பது அவருக்குத் தெரியும். அவர் நினைப்பது எனக்கும் தெரியும். கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போகும் சுற்றுலா வேன்கள் சாயங்காலமானால் எங்கள் ரோட்டில் வரிசையாகப் போகும். அவற்றை எண்ணுவார். லோரி வந்தால் எண்ணமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் குழந்தையோடு வந்தாள். பேத்திக்கு ஒன்றரை வயது. நல்ல கொழுகொழுவென்று இருக்கிறாள், ஆனால் கண்ணுக்குக் கீழே வெளுப்பு. முன்பற்கள் இரண்டும் முளைத்து வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் விளிம்பில் பழுப்பு ஏறியிருந்தது. மகள் அடுப்படியில் புட்டியைக் கழுவிச் சுடுதண்ணீர் ஊற்றினாள். பையிலிருந்து ஒரு டின்னை எடுத்தாள். மூடியில் இரண்டு ஓட்டை.

"என்னாது இது?" என்றேன்.

"மாவுப் பால் குடிக்க மாட்டேங்குதும்மா. சோறு ஊட்டுனாலும் துப்புது. இதக் குடுத்தா அழாம குடிக்குது. புள்ளையப் பாத்துக்கற அக்காவும் இதான் குடுக்குறாங்க."

"குடுக்காத. ஊத்திடு."

"ஏம்மா? நீங்கதான எங்களுக்குக் குடுத்தீங்க? நாங்க என்னா செத்தா போயிட்டோம்? நல்லாத்தான இருக்கோம்?"

டின்னை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். பாதி தரையில் கொட்டியது. குழந்தை பயந்து அழுதது. "அம்மா, ஒங்களுக்கு என்னா ஆச்சு?" என்று அவள் கத்தினாள்.

"ஒங்கப்பா காலு முள்ளால போகல" என்றேன். "நான் போட்ட தேத்தண்ணியால போச்சு. இந்த டின்னால போச்சு. நாலு வருசம் நான்தான் ஊத்திக் குடுத்தேன். ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு அளந்து காட்டுச்சு."

மகள் என்னைப் பார்த்தாள், பிறகு வாசல் பக்கம் திரும்பி அவரைப் பார்த்தாள். "அப்பா?" என்றாள்.

அவர் கைலிக்கு மேலாக முட்டிக்குக் கீழே வெட்டிய முனையைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்கள், என்னைக் காட்டிக் கொடுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"முள்ளுதாம்மா" என்றார் அவர். "ஒங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து மனசு சரியில்ல. எல்லாம் தன்னாலன்னு பொலம்புது. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

"பொய் சொல்றாரு" என்றேன்.

"சின்னப் புள்ளதான, ஓடி ஆடுனா கரைஞ்சி போயிடும். குடு, அழுவுது பாரு" என்றார் மகளிடம்.

மகள் என் பக்கத்தில் வந்து தோளை அணைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. "ம்மா, ஒங்க தப்பு ஒண்ணும் இல்லம்மா. நீங்க பாத்துக்கிட்ட மாதிரி யாரு பாத்துக்குவா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் கையிலிருந்து டின்னை மெல்ல எடுத்தாள். மிச்சமிருந்ததைப் புட்டியில் விட்டு மூடியைத் திருகி ஆட்டினாள்.

குழந்தை கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. அவர் வாசல் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார், என்னைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு.